நடுப்பகலில் ஈரத்தலை

போன வியாழக்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பங்சார் ஆபீஸிலிருந்து இறங்கி, கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் ரயில் ஏறினேன். மகளிர் பெட்டியில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். தலை முழுக்க ஈரம், தோள்பட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. பாக்கெட் ஷாம்பு வாசனை. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், ஒரு பொட்டு மழை இல்லை. என் புத்தி உடனே வேலையைத் தொடங்கிவிட்டது. இரண்டரை மணிக்கு இவள் எங்கே குளித்திருப்பாள்? வேலைக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறாள், வேலை நேரத்தில் என்ன குளியல்? மடியில் இருக்கிற பிளாஸ்டிக் பையை ஏன் இவ்வளவு இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறாள்? மூன்று கேள்வியும் கேட்டு முடித்த பிறகுதான் உன் நினைவு வந்து முகத்தில் அறைந்தது. அவள் ஷா ஆலமில் இறங்குகிற வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்குப் புத்தி இன்னும் வரவில்லை, பார்த்துக்கொள்.

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். ரொட்டி வாங்கினால் தேதியைப் பார்த்துத்தான் வாங்குவேன், கடைக்காரர் முறைத்தாலும் சரி. யாராவது ஒரே நாளில் இரண்டு தரம் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால், இவருக்கு நம்மால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்றுதான் தோன்றும். முதல் செமஸ்டரில் கேண்டீன் அக்கா என் தட்டில் மட்டும் ஒரு வடை கூடுதலாக வைத்தார். நான் அதைப் பிட்டுப் பிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்த நீ, “ஏய் சிஐடி, வடைதான் லா அது. காலைல போட்டது மிஞ்சிப்போச்சு, அவ்வளவுதான்” என்றாய். அதற்குமுன் நாம் பேசியதுகூட இல்லை. நீயும் கிள்ளான்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து நான் உனக்கு சிஐடி, நீ எனக்குக் கூட்டாளி.

அப்புறம் கெட்ட காலம் வந்தது. கொரோனா போய்விட்டது, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் இரண்டு வீட்டிலும் ஒன்றும் பழையபடி ஆகவில்லை. என் அப்பா போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஆறு நாள் ஓடிய லோரி மூன்று நாள் ஓடியது, மற்ற நாளெல்லாம் அவர் வாசலில் உட்கார்ந்து லோரிச் சாவியைத் திருகிக்கொண்டிருப்பார். உன் அப்பாவுக்கு ஹோட்டல் வேலை போய், ஒரு கொண்டோ அடுக்குமாடியில் ஜாகாவாக, வாசல் காவலுக்கு நின்றார். போதாக்குறைக்கு உன் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் கொஞ்சம் வசதியானவர்கள். உன் அம்மா எதைச் செய்தாலும் ‘அவங்க என்ன நினைப்பாங்க’ என்று கேட்டுக்கொண்டே செய்வார்.

பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் மேலே மூன்று மாடியில் நம் காலேஜ். லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா, கடைசி வருஷம். அந்த வருஷம் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டது. ஒருத்திக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒருவன் பாதி வகுப்பில் எழுந்து போனவன் திரும்பவே இல்லை, பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்யப் போய்விட்டான். எனக்கு ரயில் ஏறும்போதே நெஞ்சு படபடக்கும். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். அடுத்த செமஸ்டருக்கு நாம் இங்கே இருப்போமா என்று ஒருத்தருக்கும் நிச்சயமில்லை.

உனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காலேஜில் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு பட்டறை வைத்தார்கள், ஞாபகமிருக்கிறதா? வராதவர்களுக்கு வருகைப்பதிவு குறையும் என்று வேறு எழுதி ஒட்டினார்கள். அதைப் படித்தே பாதிப் பேருக்கு அழுத்தம் ஏறியது. டை கட்டிய ஒருவர் வந்து எட்டு மணி நேரம் தூங்குங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், காலையில் பூங்காவில் நடங்கள் என்றார். இந்த ஆள் எந்த ரயிலில் வந்தார் என்று நான் உன் காதில் முணுமுணுத்தேன். பிறகு ஒரு ஃபாரம் கொடுத்து, உங்கள் கவலை ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று எழுதச் சொன்னார். இது நேரே ஆபீஸுக்குப் போகும், இவளுக்கு மனசு சரியில்லை என்று குறித்துவைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு என்று எழுதினேன். கடைசியாக எல்லாரையும் கண்ணை மூடி, மனசுக்குப் பிடித்த ஒரு இடத்தை நினைக்கச் சொன்னார். பை மடியில் இருக்கும்போது யார் கண்ணை மூடுவார்கள்? நான் மூடவில்லை. எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன் முகத்தில் வந்து நின்றேன். நீ மூடிய கண்ணோடு, உதடு மெல்ல அசைய, அவ்வளவு நிம்மதியாக இருந்தாய். வெளியே வந்ததும் எந்த இடத்தை நினைத்தாய் என்று கேட்டேன்.

“சொன்னா நம்ப மாட்ட, விடு” என்றாய்.

விடுகிற ஆளா நான்? அன்றிலிருந்து உன்னைக் கவனிக்கத் தொடங்கினேன். வெட்கமாக இருக்கிறது இதை எழுத. ஆனாலும் அதுதான் நடந்தது. செவ்வாயும் வியாழனும் நமக்குக் காலையில் வகுப்பில்லை, மூன்று மணிக்குத்தான். நான் அந்த நேரம் லைப்ரரியில் குளிருக்கு உட்கார்ந்திருப்பேன். நீ எங்கோ போய்விட்டு மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் வருவாய். வரும்போது தலை ஈரமாக இருக்கும். ஒரு தரம் கேட்டேன். “புழுக்கம் டி, மேல போய் ஊத்திக்கிட்டேன்” என்றாய். மூன்றாவது மாடி மூலைக் கழிவறையில் ஒரு பக்கெட்டும் ரப்பர் குழாயும் உண்டு, அங்கேதான். இரண்டு வாரத்தில் நான்கு தரம் புழுக்கமா? கையில் ஒரு பிளாஸ்டிக் பை, இறுக்கி முடிச்சுப் போட்டது. அதை வகுப்புக்குள் கொண்டுவரவே மாட்டாய், வெளியே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவாய். உன் கண் சிவந்திருக்கும், முகம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி தெளிந்திருக்கும். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளோ என்று முதலில் நினைத்தேன். நீ வடையைக் கடித்துக்கொண்டே பின்வரிசையில் ஏதோ மெல்ல ராகம் இழுத்தபோது, மாத்திரைதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பிறகு ஒருநாள் லைப்ரரி ஜன்னலிலிருந்து அந்த வெள்ளை வேனைப் பார்த்தேன். பின்சந்தில் வந்து நின்றது. ஓட்டியவர் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள், நாற்பது வயசுக்கு மேல். நீ கதவைத் திறந்து இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பின்படியில் ஓடினாய். பத்து நிமிஷத்தில் ஈரத்தலையோடு வகுப்பில் இருந்தாய். என் மனசில் கதை முழுசாக எழுதி முடிந்துவிட்டது. அந்த ஆளுக்குப் பெண்டாட்டி எத்தனை, பிள்ளை எத்தனை என்பது வரை நானே முடிவு செய்திருந்தேன்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நம் ஆட்கள் எந்த வீட்டுக்குப் போய்வந்தால் நடுப்பகலில் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயசிலிருந்து பின்பக்கக் குழாயடியில் நடுங்கிக்கொண்டு நின்றவள்தானே நான். சாவு வீட்டுத் துணியை முடிந்து தனியே வைப்பதும் தெரியும். எல்லாம் கண்ணெதிரே இருந்தது. ஆனால் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுப் பெண், இருபத்தொரு வயசு, வாரத்துக்கு இரண்டு சாவுக்கு எதற்குப் போவாள்? அந்தப் பக்கம் என் புத்தி எட்டியே பார்க்கவில்லை. கெட்டதை நினைப்பது சுலபமாக இருந்தது, அதை நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூக்கடை முன்னால் உன் அம்மாவைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு மாலை விலை கேட்டுக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாவம்மா நீங்க ரெண்டு பேரும். செவ்வாயும் வியாழனும் காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் கிளாஸாமே. என் பொண்ணு இளைச்சே போயிட்டா” என்றார்.

‘ஆமாம் ஆன்டி’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “காலைல கிளாஸே இல்லியே ஆன்டி” என்றேன். தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. ஈரத்தலையைச் சொன்னேன், பையைச் சொன்னேன், வேனைச் சொன்னேன். உன் அம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. “நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க ஆன்டி” என்று கேட்டுக்கொண்டேன். “சேச்சே, சொல்லுவேனாம்மா?” என்றார். என் வாழ்க்கையில் நான் துளிகூடச் சந்தேகப்படாமல் நம்பிய ஒரே வார்த்தை அதுதான்.

உன் மேல் உள்ள அக்கறையில் சொன்னேன் என்றுதான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி பொய். நான் நகம் கடித்துச் சாகும்போது நீ நிம்மதியாக இருந்தாய். எப்படி என்று என்னிடம் சொல்லவில்லை. அந்த ஆத்திரம் அதில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் ஜன்னலிலேயே நின்றேன். உன் அம்மா ஒரு மணிக்கே வந்து பின்சந்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டே முக்காலுக்கு வேன் வந்தது. நீ இறங்கினாய். உனக்குப் பின்னால் ஒரு வயசான மனிதர், கையில் தாளம். ஒரு அம்மா, வெள்ளைப் புடவை. வேனின் பின்கதவு திறந்தே இருந்தது, உள்ளே ஆர்மோனியப் பெட்டி. வேன்கார அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன் அம்மாவிடம் ஏதோ பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடிக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன் அம்மா உன்னை அடிக்கக் கை ஓங்கியது மட்டும் தெரிந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. நீ இன்னும் குளிக்கவில்லை. உன்னைத் தொட முடியாமல் அவர் அந்தக் கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

ஆள் யாரும் இல்லை, மாத்திரை இல்லை. சாவு வீட்டில் பதிகம் பாடுகிற குழு அது. தமிழ்ப்பள்ளிக் காலத்தில் பாட்டுப் போட்டி என்றால் நீதானே முதல் பரிசு. உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிற அந்த வேன்கார அண்ணன் அதை ஞாபகம் வைத்திருந்து உன்னைக் கூப்பிட்டிருக்கிறார், இதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது. அந்தச் சம்பாத்தியத்தில்தான் உன் கடைசி செமஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் உன் ஃபீஸ் பணத்தை அண்ணன் கல்யாணத்துக்காக ஒதுக்கிக்கொள்ளட்டும் என்று, காலேஜில் உதவித்தொகை கிடைத்திருக்கிறது என்று பொய் சொல்லியிருந்தாய்.

ஆனால் உனக்கு ஒரு ஆள் இருந்திருந்தால்கூட உன் அம்மா இவ்வளவு பதறியிருக்கமாட்டார். கல்யாணம் வைத்த வீட்டில் சாவுக்குப் போகமாட்டார்கள். தன் சொந்தச் சித்தி செத்ததற்கே போகாமல், போனில் அழுதுவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்துகொண்டவர் அவர். அப்படிக் காத்த வீட்டுக்குள் நீ எத்தனை சாவைத் தாண்டிவிட்டு வந்திருக்கிறாய் என்று எண்ணிப் பார்த்திருப்பார். பெண் வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று பயந்தார். மறுநாளிலிருந்து நீ காலேஜுக்கு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, படிப்பை ஒரு வருஷம் தள்ளிப்போடுகிற கடிதத்தைக் கொடுக்க வந்தாய். திரும்பும்போது நாம் ஒரே ரயிலில் வந்தோம். நானாக ஒன்றும் கேட்கவில்லை, நீயாகத்தான் சொன்னாய்.

“காசுக்குத்தான் டி போனேன் மொதல்ல. அப்புறம் காசுக்கு மட்டும் இல்ல. அங்க தலைமாட்டுல உக்காந்து பாடுவோம், வீட்டு ஆளுங்க அழுவாங்க. எனக்கும் அழுகை வரும். அழுவேன். ஏம்மா அழுறன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வீட்டுல அழுதா அம்மா பதறும், அப்பா தலைய குனிஞ்சுக்கும். காலேஜ்ல அழுதா ஃபாரம் குடுப்பாங்க. அங்க மட்டும்தான் லா நிம்மதியா அழலாம். பாடி முடிச்சு எந்திரிச்சா உடம்பே லேசா இருக்கும்.” கொஞ்சம் சிரித்தாய். “அன்னிக்கு அந்த ஆளு கண்ண மூடி புடிச்ச எடத்த நினைக்கச் சொன்னாருல்ல? எனக்கு வந்தது அதுதான். யாரோ ஒருத்தர் வீட்டு ஹால், நடுவுல சவப்பெட்டி.”

புத்தகத்தைத் தொடவேண்டுமே, அதற்காகத்தான் மேலே போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவாயாம். பாடாங் ஜாவா ஸ்டேஷன் பலகையைப் பார்த்துக்கொண்டே நீ சொன்னாய்:

“யாரோ அம்மாகிட்ட சொல்லியிருக்காங்க.”

“யாரா இருக்கும்?” என்றேன். நானேதான் கேட்டேன். கேட்ட கேள்வியை எதையாவது போட்டு மூடவேண்டியிருந்தது. “லைப்ரரி அக்காவா இருக்கும். அந்த ஜன்னல்லேருந்து பின்சந்து நல்லா தெரியும். அவங்க மேல எனக்கு எப்பவுமே ஒரு டவுட்டு” என்றேன்.

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அப்புறம் சொன்னாய், “இருக்கலாம்.”

பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு நான் லைப்ரரி அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் ‘என்னம்மா, கோபமா’ என்று கேட்டும் பதில் சொல்லாமல் போனேன். என் பரீட்சையெல்லாம் முடிந்த வாரம், புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நீயும் வந்திருந்தாய். அக்கா நமக்கு ஆளுக்கொரு கறிபாப், கிழங்கு வைத்துப் பொரித்தது, எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. படியிறங்கும்போது நீ உன் கறிபாப்பைப் பிட்டுப் பாதியை என் கையில் வைத்தாய்.

“அவங்களப் பாத்து சிரி டி. பாவம், அவங்க சொல்லல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும் லா. சாப்பிடு.”

அந்த வாரம் எனக்குத் தூக்கமில்லை. உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று உன் ஒவ்வொரு மெசேஜையும் இரண்டு தரம் மூன்று தரம் படித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அதே கிண்டல், அதே சிஐடி. தெரிந்திருந்தால் இவளால் இப்படி இருக்கமுடியுமா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நானாக இருந்தால் முடிந்திருக்காது.

உன் அண்ணன் கல்யாணம் நன்றாகவே நடந்தது. பெண் வீட்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ ஒரு வருஷம் தாமதமாகப் படிப்பை முடித்தாய். அந்த ஒரு வருஷமும் போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் ஷிப்டு பார்த்தாய், முடித்த பிறகும் அங்கேதான் இருந்தாய். உன்னைவிட மார்க் குறைவாக வாங்கிய நான் பங்சாரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தேன். சாவு வீட்டுப் பாட்டுக்கு நீ திரும்பப் போகவே இல்லை. உன் அம்மா தன் தலைமேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாய். என் அம்மா சமைக்கத் தொடங்கினால், வெங்காயத்தை நீயே வாங்கிக்கொண்டு பின்வாசலில் போய் உட்காருவாய். நாலு வெங்காயத்துக்கு அரை மணி நேரம். எதற்கு இவளுக்கு இவ்வளவு வெங்காய ஆசை என்று அதையும் நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன். எழுந்து போய் உன் பக்கத்தில் உட்காரத் தோன்றவில்லை. அழ இருந்த ஒரே இடத்தை உன்னிடமிருந்து பிடுங்கியவள் நான் என்று தெரிந்தும் தோன்றவில்லை.

பிறகு டெங்கி வந்தது. காய்ச்சல், மாத்திரை, பரவாயில்லை என்றாய். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் நீ இல்லை. இருபத்தைந்து வயசு. போன் வந்தபோது நான் நம்பவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, போன் செய்த உன் அண்ணனிடமே நீங்கள் யார் என்று கேட்டேன்.

வேன்கார அண்ணன் ஒருவரும் கூப்பிடாமலே குழுவோடு வந்துவிட்டார். உன் தலைமாட்டில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார்கள். இரண்டாவது பாட்டில் அவருக்குக் குரல் உடைந்து நின்றுவிட்டது, அந்த வெள்ளைப் புடவை அம்மாதான் எடுத்துத் தொடர்ந்தார். நான் சுவரோரமாக உட்கார்ந்து அழுதேன். நீ சொன்னது நிஜம்தான், ஏன் அழுகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவருக்கு நான் யார் என்றுகூடத் தெரியாது, என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

பதினாறாம் நாள் உன் வீட்டுக்குப் போனேன். பந்தியில் என்னை உட்கார வைத்து உன் அம்மாவே பரிமாறினார். இலையில் வடையை வைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேசுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்திருப்பார் போல.

“உன்னைப் பத்திதாம்மா பேசிக்கிட்டே இருப்பா. நானும் சொல்லுவேன், உன்னை மாதிரி கூட்டாளி கிடைக்க மாட்டான்னு. அன்னிக்கு நீதானே அக்கறையா வந்து சொன்ன. அந்தச் சந்துலயே நின்னு சொன்னேன் அவகிட்ட, உன் கூட்டாளி சொல்லித்தாண்டி எனக்குத் தெரியும், அவ ஒருத்திதான் உனக்கு நல்லது நினைக்கறான்னு. நீ சொல்லாதீங்கன்னுதான் கேட்ட. எனக்குத்தான் வாய் நிக்கல.”

கை இலையிலேயே நின்றுவிட்டது. சந்திலேயே. ரயிலுக்கு மூன்று வாரம் முன்னாலேயே. யாராக இருக்கும் என்று நான் உன்னிடம் கேட்டபோது, லைப்ரரி அக்கா தலையில் அதைக் கட்டியபோது, நீ அத்தனையும் தெரிந்துகொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய்.

“அவ என்ன சொன்னா ஆன்டி?”

“என்ன சொன்னா... ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு வந்தப்புறம்தான் சொன்னா. ‘எனக்குத் தெரியும்னு அவகிட்ட காட்டிக்காதம்மா. தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டு அப்புறம் வரவே மாட்டா. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்’னா.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “சாப்பிடும்மா. ஏன் அப்படியே வெச்சிருக்க?”

இதையும் நான் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு வருஷமாகப் பார்க்கிறேன். என்னைத் தண்டிக்கத்தான் பேசாமல் இருந்தாயோ, நான் பொய்மேல் பொய்யாகச் சொல்வதை உள்ளுக்குள் ரசித்தாயோ, கறிபாப்பைப் பிட்டுக் கொடுத்தது குத்திக்காட்டத்தானோ என்றெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அப்படி ஏதாவது கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் கிடைக்கவில்லை. உனக்கு நான் வேண்டியிருந்தேன், அவ்வளவுதான். என்னைப் பற்றி நீ கணித்ததும் சரிதான். உனக்குத் தெரியும் என்று தெரிந்திருந்தால் நான் ஓடித்தான் போயிருப்பேன்.

ஆனால் ஒன்று மட்டும் என்னை விடுவதில்லை. ‘யாரோ சொல்லியிருக்காங்க’ என்று நீ ஏன் ஆரம்பித்தாய்? தெரிந்த விஷயத்தை எதற்கு எடுத்தாய்? நானாகச் சொல்லிவிடுவேன் என்று இடம் கொடுத்துப் பார்த்தாய் என்றுதான் சந்தேகப்படுகிறேன். படிக்கட்டில் மறுபடியும் ஒரு தரம் கொடுத்தாய். அப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் நீ என்னெதிரேயே அழுதிருப்பாய், வேறு இடம் தேடவேண்டியிருக்காது. அந்த வாக்கியத்தை இன்னும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் போய் லைப்ரரி அக்காவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றே அவருக்குப் புரியவில்லை. அவரிடம் சொல்ல முடிந்தது. உன்னிடம்தான் சொல்லவில்லை.

நான்தான் டி சொன்னேன்.